பந்தியை நீட்டிக்கும் வனேடியம்

வனேடியம் மாத்திரை சர்க்கரையைக் குறைக்குமாமே, வாங்கிச் சாப்பிடலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் இந்த உலோகம் எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்தது உண்மை. மனிதருக்கு அது இன்னும் மருந்தாகவில்லை. ஆனால் அது வேலை செய்கிற விதம் அபாரமானது.

இன்சுலின் வந்து ஏற்பியில் உட்கார்ந்ததும், செல்லுக்கு உள்ளே ஏற்பியின் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள்மேல் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. கல்யாணப் பந்தியில் இலை போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை விழுந்தால்தான் அடுத்தகட்டப் புரதங்கள் வந்து உட்காரும். சேதி உள்ளே போகும். குளுக்கோஸுக்கு வாசல் திறக்கும். பந்தி முடிய இலை எடுப்பவர் வேண்டுமே? அவர்தான் பி.டி.பி.1பி என்ற நொதி. அதன் 215ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன்தான் அவருடைய கை.

அந்தக் கை பாஸ்பேட்டைப் பற்றும்போது, பாஸ்பரஸைச் சுற்றி ஒரு கணம் ஐந்து பிணைப்புகள் கூடுகின்றன. அந்த நெரிசலைப் பாஸ்பரஸ் தாங்காது; இலை கழன்றுவிடும். வனேடியத்துக்கோ ஐந்து பிணைப்பு சர்வசாதாரணம். வனேடியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, பாஸ்பேட்டின் சாயலில் வனேடேட்டாக வரும்போது, நொதி அதை நம்பிப் பற்றுகிறது. பலாப்பால் பூசிய இலை அது; கையோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த இலையை எடுக்கக் கை ஒழியவில்லை. பந்தி நீள்கிறது.

சிக்கலும் அங்கேதான். உடம்பில் இதே அமைப்புக் கை கொண்ட நொதிகள் ஏறத்தாழ நூறு. செல் வளர்ச்சி, நோய் எதிர்ப்பு என்று மண்டபத்துக்கு மண்டபம் இலை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லார் கையிலும் பால் ஒட்டும். இந்த நொதிகளை மட்டுமல்ல, செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பையும் வனேடேட் முடக்கும் என்று 1977லேயே தெரிந்துவிட்டது.

லியோன் நகர மருத்துவர்கள் 1899இலேயே நீரிழிவு நோயாளிகளுக்கு வனேடேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1985இல் கனடாவில் ஜான் மக்நீல் குழு நீரிழிவு எலிகளின் குடிநீரில் அதைக் கலந்தது. இன்சுலின் கூடாமலேயே சர்க்கரை இறங்கியது.

பரபரப்பெல்லாம் அந்த எலிகளை வைத்துத்தான். 1990களில் வனேடைல் சல்பேட் என்ற வனேடிய உப்பை ஒருசில நோயாளிகளுக்குச் சில வாரங்கள் கொடுத்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும். குடல் எளிதாக உறிஞ்சட்டும் என்று வனேடியத்தை எத்தில் மால்டாலுடன் பிணைத்த சேர்மம் இரண்டாம் கட்டப் பரிசோதனை வரை போனது. சிலருடைய சிறுநீரகத்தில் கோளாறு தெரிந்ததும் கைவிட்டார்கள். சர்க்கரை நோய் முதலில் பதம் பார்க்கும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. அதற்கு மேலும் சுமை ஏற்றும் மருந்து எதற்கு? 2008இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வனேடியம் மாத்திரைகள் பற்றிய மனித ஆய்வுகளைக் கறாராகச் சலித்தது. ஒன்றுகூடத் தேறவில்லை.