வி. சாந்தா: குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஆய்வு

மருத்துவர் வி. சாந்தா (11 மார்ச் 1927 – 19 சனவரி 2021) சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் இயக்குநராகவும் தலைவராகவும் பணியாற்றியவர். மகசேசே விருது (2005), பத்ம விபூசண் (2016) ஆகியவற்றால் பரவலாக அறியப்படுபவர். மருத்துவ நிர்வாகியாகவும் சேவையாளராகவுமே அவரைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுள்ளது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயில் அவர் ஆற்றிய ஆய்வுப் பணி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

நோயின் தன்மை

எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் முதிர்ச்சியடையாமலேயே கட்டுக்கடங்காமல் பெருகுவது இரத்தப் புற்றுநோய் (லுக்கேமியா). நிணநீர்க் கணுக்களில் தொடங்குவது நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா). இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. ஒரே வகை டி-அணு சிலரிடம் மார்புக்கூட்டில் கட்டியாகவும், சிலரிடம் இரத்தம் முழுவதும் பரவியும் தோன்றும். குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது கடிய நிணவணு இரத்தப் புற்றுநோய்.

1948-இல் பாஸ்டனில் சிட்னி பார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் இந்நோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடியும் என்று காட்டினார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வகத்தை வழிநடத்திய எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்ற சாந்தா, 1955-இல் புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்தார். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தில் அப்போது பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன.

ஒரே சிகிச்சைமுறை, மூன்று மருத்துவமனைகள்

1970களில் இந்தியாவின் சிறப்பு மருத்துவமனைகளில்கூட இந்நோயிலிருந்து மீண்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மேலைநாடுகளில் அப்போதே பாதிக்குப் பாதி குழந்தைகள் பிழைத்துவந்தனர். மருந்துகளின் பெயர்கள் இங்கும் தெரிந்தவைதான். எதை, எந்த வரிசையில், எவ்வளவு காலம் தருவது என்பதில்தான் ஒழுங்கு இல்லை.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் பணியாற்றிய இயன் மக்ராத், முன்பு உகாண்டாவில் பர்கிட் லிம்போமாவை ஆராய்ந்தவர். அவரது ஒத்துழைப்புடன் 1984 முதல் சென்னை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, புது தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றிலும் எம்.சி.பி.-841 என்ற ஒரே சிகிச்சைமுறை கையாளப்பட்டது. வின்கிறிஸ்டின், பிரட்னிசோலோன், எல்-அஸ்பராஜினேஸ், டவுனோரூபிசின் ஆகியவற்றுடன், மூளைக்கு நோய் பரவாமல் தடுக்க முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்சேட்டும் தரப்பட்டது. நோய் திரும்பாமல் நான்கு ஆண்டுகளைக் கடந்தவர்களின் விகிதம் 45 முதல் 60 விழுக்காடாக உயர்ந்தது. கிருமித்தொற்றைக் கட்டுப்படுத்துதல், இரத்தம் ஏற்றுதல் போன்ற துணைச் சிகிச்சைகள் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு.

1990–1997 காலத்தில் சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரங்களை மக்ராத், சாந்தா உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்டனர். இக்கட்டுரையின் மதிப்பு, பிழைத்தவர் எண்ணிக்கையைவிட அதில் தெரியவந்த வேறுபாடுகளில் இருக்கிறது என்று சொல்லலாம். இந்தியக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும்போதே வெள்ளணு எண்ணிக்கை மிகுந்தும், நிணநீர்க் கணுக்கள் வீங்கியும் இருந்தனர். பதினெட்டு வயதுக்குட்பட்டோரில் டி-அணு வகை 21 முதல் 43 விழுக்காடு வரை காணப்பட்டது. சென்னையில் இது குறிப்பாக அதிகம். மேலைநாடுகளில் இது ஏறத்தாழ 15 விழுக்காடு. அங்கே நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்லும் அளவுகோலான வயது, இங்கே மூன்று மையங்களிலும் அவ்வாறு பயன்படவில்லை. வெளிநாட்டுப் பாடநூலை அப்படியே பின்பற்றினால் போதாது என்பதற்கு இது ஒரு சான்று.

தொலைவும் சிகிச்சையும்

இந்நோய்க்கான சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும். தென்காசியிலோ குற்றாலத்திலோ உள்ள ஒரு குடும்பம் சென்னையில் சிகிச்சை பெற வேண்டுமானால், பொதிகை விரைவு வண்டியில் இரவு முழுவதும் பயணம் செய்து எழும்பூர் சேர வேண்டும். இரயில்வே, புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை அளிக்கிறது. ஆனால் இழக்கும் கூலிக்கும் வீட்டில் விட்டுவரும் மற்றக் குழந்தைகளுக்கும் சலுகை ஏதுமில்லை. முதல் மாத மருந்திலேயே காய்ச்சலும் சோர்வும் நீங்கிவிடுவதால், நோய் குணமாகிவிட்டது என்று எண்ணிப் பாதியில் நிறுத்துவோரும் உண்டு. அணுக்கள் மறைந்திருப்பதால் நோய் திரும்புகிறது. அப்போது அதே மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை.

இயக்குநர் பொறுப்பிலிருந்து 1997-இல் விலகிய பிறகும் சாந்தா நிலைய வளாகத்திலேயே தங்கி, இறுதிவரை நோயாளிகளுக்காகப் பணியாற்றினார்.