டிசைன் திருத்தங்களுக்கும் ஒரு பதிவேடு

சங்கக் கணக்கில் தவறாக எழுதிய தொகையைச் சுரண்டி அழிக்க எவரையும் நாம் அனுமதிப்பதில்லை. அதைக் கோடிட்டு அடித்து, சரியான தொகையை மேலே எழுதி, திருத்தியவர் கையொப்பமிட வேண்டும். கணக்கில் இவ்வளவு கண்டிப்புக் காட்டும் நாம், அங்கத்தினரின் கூலிக்கே ஆதாரமான டிசைன் விஷயத்தில் அதைக் காட்டுகிறோமா?

நமது மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் நான் கண்டதைக் கூறுகிறேன். சேலைக் கரையிலுள்ள பூவைச் சிறிதாக்கும்படி வியாபாரி கேட்டிருந்தார். திருத்திய டிசைன் கம்ப்யூட்டரில் ‘கடைசி’ என்ற பெயரிலும், பிறகு வேறொருவர் நிறம் மாற்றியது ‘புதுக் கடைசி’ என்ற பெயரிலும் இருந்தன. அட்டை குத்துபவருக்குச் சென்றதோ இரண்டுக்கும் முந்தியது. நெய்த சேலைகள் திரும்பி வந்தன. நெய்தவரின் கூலியைப் பிடிக்கவேண்டுமென்று நிர்வாகக் குழுவில் பேச்செழுந்தது.

1804-ஆம் ஆண்டு பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் அமைத்த முறையில், ஊடை இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை உண்டு. ஆகவே ஒரு பூ மாறினால் பல அட்டைகள் மாறும். சிவகாசி அச்சகங்களிலும் நிலைமை இதுவே. தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களை நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட்டுகளில் அச்சிடுகிறார்கள். எச்சரிக்கை வாசகத்தைத் திருத்திய பிறகு கறுப்பு பிளேட் மட்டும் பழையதாக இருந்துவிட்டால், அச்சிட்ட தாள் அத்தனையும் வீண்.

இத்தகைய குழப்பம் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோருக்கும் இருந்தது. 2005-ஆம் ஆண்டு லைனஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் ‘கிட்’ என்னும் சாதனத்தை உருவாக்கினார். இதற்கு விலை கிடையாது. கோப்பைத் திருத்திப் பதியும்போதெல்லாம் யார், எப்போது, எதற்காகத் திருத்தினார் என்பது அதில் பதிவாகும். பழையது அழிவதில்லை, வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். புதிய யோசனையைத் தனிக் ‘கிளை’யில் சோதித்து, குழு ஏற்றபின் மூலத்தோடு சேர்க்கலாம்.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. எழுத்துக் கோப்பில் இருவர் வெவ்வேறு வரிகளில் செய்த திருத்தங்களை அது ஒன்றாக இணைத்துவிடும். படக் கோப்பில் அவ்வாறு இணைக்க இயலாது. ஆதலால் ஒருவர் திருத்தும் வரை மற்றவர் தொடாதபடி பூட்டிவைப்பதே முறை.

கம்ப்யூட்டர் இல்லாத சங்கங்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம்:

1. ஒவ்வொரு டிசைனுக்கும் ஓர் எண். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் உட்பிரிவு எண். ‘கடைசி’ என்ற சொல் கூடாது.

2. திருத்தியவர் பெயர், தேதி, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஒரு வரியில் எழுதுக.

3. ஒரு டிசைனை ஒரு சமயத்தில் ஒருவரே திருத்துக.

4. காரியதரிசி ஒப்பமிட்ட எண்ணையே தறிக்கோ அச்சுக்கோ அனுப்புக. அவ்வெண்ணை அட்டைக் கட்டிலும் பிளேட்டிலும் குறிக்க.

5. பழையதை அழிக்காமல் தனியே வைக்க.

மேற்சொன்ன சங்கத்தில் எந்த டிசைனை யார் அனுப்பினார் என்பதற்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. அட்டை குத்தியவர் முதல் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த தேதி, வியாபாரி திருத்தம் கேட்ட நாளுக்கு முந்தியதாக இருந்தது. பழைய அட்டையே தறிக்குச் சென்றது என்பது விளங்கவே, நெசவாளரின் கூலி தப்பியது. ஓர் ஏழைத் தொழிலாளியின் கூலி பென்சில் எழுத்தை நம்பி நிற்கலாகாது. வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இப்பதிவேட்டைத் தொடங்கத் தீர்மானிக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.