ஃபெரட் வாங்கலாமா? வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு விளக்கம்

லண்டனிலோ டொராண்டோவிலோ வாழும் குடும்பங்களில் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பிள்ளைகள்தான் கிளப்புவார்கள். பள்ளித் தோழன் வீட்டில் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அன்றிலிருந்து தினமும், "நமக்கும் ஒரு ஃபெரட் வாங்கலாம்மா" என்று நச்சரிப்பு. நாயைவிடச் சின்னது, கூண்டில் இருப்பது, அதனால் வேலை குறைவு என்று அப்பா அம்மாவுக்கும் தோன்றும். அங்கேதான் கணக்கு தப்புகிறது. ஃபெரட் அருமையான வளர்ப்புப் பிராணி. ஆனால் அதைக் கேட்பது பிள்ளையாக இருந்தாலும், வளர்க்கப்போவது பெரியவர்தான். அந்தப் பெரியவர் யார் என்று வீட்டில் முதலில் முடிவாக வேண்டும்.

எப்படிப்பட்ட பிராணி?

நீண்டு மெலிந்த உடல், குட்டைக் கால்கள், துறுதுறுவென்ற கண்கள். பார்த்தால் கீரி போலிருக்கும். ஆனால் நீர்நாய்தான் இதற்கு நெருங்கிய உறவு. போல்கேட் என்ற ஐரோப்பியக் காட்டு விலங்கை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் பழக்கி வளர்த்ததில் வந்ததுதான் ஃபெரட். வளைக்குள் அனுப்பி முயல்களை வெளியே விரட்டுவதுதான் அதற்குத் தந்த வேலை. பிரிட்டனில் இன்றும் அந்த வேலைக்காக ஃபெரட் வளர்ப்பவர்கள் உண்டு. பெண் ஒரு கிலோவுக்குள் இருக்கும். ஆண் இரண்டு கிலோ வரை வளரும். ஆயுள் பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள்.

ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். விழித்துவிட்டால் சும்மா இருக்காது. குஷி வந்தால் முதுகை வில்லாக வளைத்து, வாயைத் திறந்தபடி, பக்கவாட்டில் தத்தித் தத்திக் குதிக்கும். நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு விழுந்து, எழுந்து மறுபடியும் குதிக்கும். தொண்டைக்குள்ளிருந்து 'டுக் டுக்' என்று ஒரு சத்தம் வேறு. முதல்முறை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டதோ என்று பதறுவார்கள். உண்மையில் அது சந்தோஷத்தின் உச்சம். தினமும் சில மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே இப்படி ஆட விடவேண்டும். முழுநாளும் அடைத்துவைத்தால் வாடிப்போகும். கூட்டமாக இருக்க விரும்புவதால் இரண்டாக வளர்ப்பதே நல்லது.

முதலில் சட்டம்

பிரிட்டனில் உரிமம் இல்லாமலே வளர்க்கலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா, ஹவாய் மாநிலங்களிலும் நியூயார்க் நகரிலும் தடை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்திலும் வடக்குப் பிரதேசத்திலும் தடை. நியூசிலாந்தில் 2002 முதல் விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் கூடாது. முயல்களை ஒழிக்க 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட ஃபெரட்டுகள், கிவி போன்ற பறக்காத பறவைகளை வேட்டையாடத் தொடங்கியதுதான் காரணம். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இறைச்சி இல்லாமல் முடியாது

சைவக் குடும்பங்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஃபெரட் முழுக்க முழுக்க ஊனுண்ணி. குடல் மிகக் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். தானியம், காய்கறி, பழம் எதையும் அதனால் சரியாகச் செரிக்க முடியாது. சோறு கொடுத்துப் பழக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஃபெரட்டுக்கென்றே தயாரான இறைச்சி உணவு கிடைக்கிறது. பிரிட்டனில் பலர் உறையவைத்த ஒரு நாள் கோழிக்குஞ்சை வாங்கி, உருகவைத்து, முழுசாகவே கொடுக்கிறார்கள். மிச்சத்தை ஃபெரட் இழுத்துப்போய் தன் படுக்கைக்கடியில் ஒளித்துவைக்கும். அதைத் தேடி எடுத்துச் சுத்தம் செய்ய மனம் ஒப்ப வேண்டும்.

வாடை

ஃபெரட்டின் தோலிலேயே கஸ்தூரி போன்ற ஒரு வாடை உண்டு. கருத்தடை செய்தால் பெரிதும் குறையும், முற்றிலும் போகாது. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு, எண்ணெய் அதிகம் சுரந்து, வாடை கூடும். படுக்கைத் துணியை அடிக்கடி துவைப்பதும், மலத் தட்டை அன்றாடம் மாற்றுவதும்தான் வழி. தட்டில் போகப் பழக்கலாம் என்றாலும், பூனையைப் போல எப்போதும் தவறாமல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அறை மூலையைக் கண்டால் அங்கேயும் போய்விடும்.

குழந்தைகளும் வீடும்

குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடியே வளர்கின்றன. அவற்றின் தோல் தடிமன்; நம் குழந்தையின் விரல் அப்படி அல்ல. கடிக்கக் கூடாது என்று பழக்கப் பல வாரங்கள் பொறுமை வேண்டும். கைக்குழந்தையோ தவழும் குழந்தையோ இருக்கும் அறையில் ஃபெரட்டைத் தனியாக விடவே கூடாது. முயல், வெள்ளெலி, பறவை வளர்க்கும் வீட்டுக்கும் இது பொருந்தாது. அவை அதற்கு இரை.

வளை கண்டால் நுழைவது அதன் பிறவிக் குணம். தலை போகும் இடுக்கில் உடலும் போய்விடும். சலவை இயந்திரத்தைப் போடும் முன் உள்ளே ஒரு முறை பாருங்கள். சாய்வு நாற்காலியின் அடிப்பகுதிக்குள் படுத்திருக்கும்போது யாராவது நாற்காலியை மடக்கினால் நசுங்கிச் செத்துவிடும். ரப்பர் என்றால் அதற்கு அலாதிப் பிரியம். அழிப்பான், செருப்பின் துண்டு, காதில் மாட்டும் இயர்போனின் நுனி என்று கடித்து விழுங்கினால் குடல் அடைத்து அவசர அறுவை சிகிச்சை வரை போகும்.

மருத்துவச் செலவு

வாங்கும் விலையைவிட மருத்துவச் செலவுதான் பெரிது. எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் ஃபெரட்டில் அனுபவம் இருக்காது. அனுபவமுள்ளவர் அருகில் இருக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஃபெரட்டைத் தாக்கினால் பிழைப்பது அரிது, தடுப்பூசி உண்டு. பெண் ஃபெரட் பருவத்துக்கு வந்து இணை சேராவிட்டால் ஈஸ்ட்ரோஜன் நீடித்துச் சுரந்து, எலும்பு மஜ்ஜை பாதித்து, ரத்தசோகையால் இறக்கக்கூடும். கருத்தடையா, ஹார்மோன் சிகிச்சையா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். நடுவயதில் அட்ரினல் சுரப்பி நோயும் கணையக் கட்டியும் இவற்றுக்குச் சாதாரணமாக வருபவை.

நம்முடைய ஃப்ளூ காய்ச்சலும் அதற்குத் தொற்றும். மனித இன்ஃபுளுவென்சா வைரஸை 1933இல் லண்டன் விஞ்ஞானிகள் கண்டறிந்ததே நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை ஃபெரட்டுகளுக்குச் செலுத்தித்தான். நோயுற்ற ஃபெரட் ஒன்று தும்மி, ஆய்வாளர் ஒருவருக்கே காய்ச்சல் வந்தது. வீட்டில் யாருக்காவது ஃப்ளூ என்றால் அவர் ஃபெரட்டைத் தொடாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. வெயிலும் ஆகாது. வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் முடியாது என்பதால் 30 டிகிரியைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து.

எப்படி முடிவெடுப்பது?

நேரே கடைக்குப் போகாதீர்கள். கைவிடப்பட்ட ஃபெரட்டுகளைப் பராமரிக்கும் காப்பகத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். பிள்ளை கையில் எடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் அந்த வாடையை முகர்ந்து பாருங்கள். கடிக்காமல் பழகிய, வளர்ந்த ஃபெரட் அங்கேயே கிடைக்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்குக் குட்டியைவிட அதுவே ஏற்றது.

பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைக்குத் தேர்வு வரும், ஆர்வம் குறையும், ஒரு நாள் கல்லூரிக்கும் கிளம்பிவிடும். அப்போதும் இறைச்சி வைக்க, தட்டைக் கழுவ, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட நான் இருக்கிறேன் என்று ஒரு பெரியவராவது முழுமனதோடு சொன்னால் தாராளமாக வாங்குங்கள். கொடுத்த அன்பைப் பல மடங்காகத் திருப்பித் தரும் பிராணி அது. அப்படிச் சொல்ல ஆளில்லை என்றால், பிள்ளையின் முகம் வாடினாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.