மணமும் பொறியும் பண்டமும்: வட அமெரிக்க உரோம வேட்டையின் இரைநுட்பம் பற்றிய சில குறிப்புகள்

உற்பத்திக் கருவிகளின் வரலாற்றை எழுதியோர் கோடரியையும் கலப்பையையும் தறியையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். வட அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியை ஐரோப்பிய மூலதனத்துக்குத் திறந்துவிட்ட கருவிகளுள் ஒன்று ஒரு சிறு குப்பியுள் அடங்கிவிடுவது. மூக்கைப் பொத்திக்கொண்டே திறக்கப்பட வேண்டியது. உரோமத்தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்போர் கையாளும் மணப்பொருளையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன். இந்நுட்பம் எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனைக் கையாண்ட மக்களின் வாழ்வில் அது எத்தகைய மாற்றங்களுக்குத் துணைபோயிற்று என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொறிவேட்டையைக் கொடுமையென்று ஒதுக்குவோரும், ஆண்மைக்குரிய விளையாட்டென்று போற்றுவோரும் அது ஓர் உழைப்பு என்பதை மறந்துவிடுகின்றனர்.

கொயோட்டி என்னும் விலங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த இது ஓநாயிலும் சிறியது, நரியிலும் பெரியது. வட அமெரிக்க மேற்குப் பகுதிப் பழங்குடி மக்களின் கதைகளில் ஏமாற்றுபவனாகவும் ஏமாறுபவனாகவும் ஒருங்கே தோன்றும் பாத்திரமும் இதுவே. அக்கதைகளைக் கட்டியோர் இவ்விலங்கை நெடுங்காலம் அருகிருந்து அவதானித்தவர்கள் என்பதில் ஐயமில்லை. கொயோட்டிக்கு உலகம் பெரிதும் மூக்கின் வழியாகவே அறிமுகமாகின்றது. தன் எல்லையைச் சிறுநீரால் குறிக்கும். பிறிதொன்றின் குறியைக் கண்டால் நின்று மோந்து, அதன்மேல் தன் குறியை இடும். மிஞ்சிய இரையை மண்ணிற் குழிதோண்டிப் புதைத்துவைக்கும். மற்றொன்று புதைத்ததைத் தோண்டித் திருடும். பொறிவேட்டைக்காரனின் கலை முழுவதும் இப்பழக்கங்களின்மீதே எழுப்பப்பட்டுள்ளது.

அவன் பெரிதும் நம்புவது 'மண்குழிப் பொறி' எனத்தக்க முறையாகும். ஒரு புற்கற்றையின் அடியிலோ சிறு மேட்டின் ஓரத்திலோ, ஏறக்குறைய 45 பாகைச் சரிவில், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டப்படும். வேறொரு விலங்கு தன் இரையைப் புதைத்துவிட்டுச் சென்ற இடம்போன்று அது தோற்றமளித்தல் வேண்டும். குழியின் அடியில் சற்றே பழுதாகிய இறைச்சித் துண்டு இடப்படும், இதுவே இரை. குழியின் வாய்விளிம்பில் மணப்பொருள் சிறிதளவு தடவப்படும். வாய்க்கு முன்னே, ஆறு முதல் ஒன்பது அங்குலத் தூரத்தில், உருக்குப் பொறி நிலத்தோடு நிலமாகப் புதைக்கப்பட்டுச் சலித்த மண்ணால் மூடப்படும். பின்புறம் புற்கற்றை மறித்திருப்பதால் விலங்கு முன்பக்கமாக வந்தே குழியை மோந்து பார்க்க வேண்டும். அவ்வாறு நிற்கையில் முன்னங்கால் எவ்விடத்திற் படியுமென்று கணித்தே பொறியின் இடம் தீர்மானிக்கப்படுகின்றது. பொறி கிஞ்சித்தும் அசைதலாகாது. காலடியில் ஏதோ ஆடுகின்றதென்று உணர்ந்த கொயோட்டி அவ்விடத்துக்குத் திரும்பி வராது.

இரையும் மணப்பொருளும் ஒன்றல்ல என்பதை மனங்கொள்ள வேண்டும். இரை பசியை நோக்கியது. மணப்பொருளோ பகை, இணைவிழைச்சு, வெறும் ஆவல் ஆகியவற்றையும் தூண்டுவது. கொயோட்டியின் சுரப்பிகளை அரைத்து மாதக்கணக்கிற் பதப்படுத்திய குழம்பு, அடைத்துவைத்த விலங்குகளிடமிருந்து சேகரித்த சிறுநீர், ஸ்கங்க் என்னும் விலங்கின் சகிக்கவொண்ணாத் துர்நாற்றச் சுரப்பு, அழுகிய மீனெண்ணெய் முதலியன இதிற் சேரும். குளிரில் உறையாதிருக்கக் கிளிசரின் கலக்கப்படும். பழைய செய்முறைகளிற் பெருங்காயமும் இடம்பெறுகின்றது. நமது சமையலறையில் இரசத்துக்கு இடும் அதே பொருள் அப்புல்வெளிகளில் ஓநாய்க்கும் கொயோட்டிக்கும் கண்ணியாயிற்று.

பருவத்துக்கேற்ப இவற்றின் பயன் வேறுபடும். இலையுதிர் காலத்தில் தாயைப் பிரிந்து புதிய நிலம் தேடித் திரியும் இளங்குட்டிகள் இரைக்கு எளிதில் மடங்கும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இணைசேரும் பருவம் தொடங்க, சிறுநீரும் சுரப்பிக் குழம்பும் வலிமை பெறுகின்றன. அப்போது குழியே வேண்டியதில்லை. வழியோரத்தில் தனித்து நிற்கும் ஒரு கட்டையில் சிறுநீரைத் தெளித்து அதனடியிற் பொறியை வைத்தாற் போதும். இறந்த மாட்டையோ மானையோ ஓரிடத்தில் இட்டு, விலங்குகள் நாள்தோறும் வந்து பழகியபின் பொறி வைப்பதும் உண்டு. பொறி பிணத்தின் அருகில் வைக்கப்படுவதில்லை. அங்கு வந்துசேரும் தடங்களிலேயே வைக்கப்படுகின்றது. திறந்து கிடக்கும் இறைச்சியைக் கண்ணாற் கண்டு இறங்கும் கழுகுகள் அகப்படாதிருத்தற்பொருட்டு, இரையிலிருந்து 30 அடிக்குள் பொறி வைத்தலை ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் சில சட்டத்தால் தடுத்துள்ளன.

இவையனைத்தினும் கடினமானது தன் மணத்தை மறைத்தல். பொறிகள் மரச்சாயத்தில் வேகவைக்கப்பட்டு மெழுகில் தோய்க்கப்படும். கையுறையின்றித் தொடலாகாது, முழந்தாளிட ஒரு துணி வேண்டும். காற்று எத்திசையிலிருந்து வீசுகின்றது, வயலோரப் பாதை எங்கே பிரிகின்றது என்பவற்றை அறியாதவனுக்கு எக்குப்பியும் உதவாது. ஆக, ஒரு விலங்கின் சமூக வாழ்க்கை பற்றிய முறையான அறிவு இங்கு உற்பத்திச் சக்தியாக மாறியுள்ளது. அச்சக்தி எவ்வுற்பத்தி உறவுகளினுள்ளே இயங்கியது என்பதே நம் வினா. அதற்கு விடை காணக் கொயோட்டியை விடுத்து, அதற்கு முன்னர் வேட்டையின் மையமாக விளங்கிய பீவருக்குச் செல்ல வேண்டியுள்ளது.

பீவர் நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு. அதன் அடிமயிர் கம்பளத்தொப்பி செய்வதற்கு ஒப்பற்றது. ஐரோப்பியப் பீவர் அருகிவிட்ட நிலையில் வட அமெரிக்கத் தோலுக்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று. 1670இல் அரச பட்டயம் பெற்ற ஹட்சன் குடாக் கொம்பனி, தன் பண்டசாலைகளில் ஒரு முதிர்ந்த பீவரின் பதமிட்ட தோலையே கணக்கலகாகக் கொண்டது. துவக்கு, கேத்தில், கம்பளி யாவும் இத்தனை பீவர் என விலையிடப்பட்டன. ஒரு பண்டம் ஏனைய பண்டங்கள் அனைத்துக்கும் பொதுச் சமதையாக எழுவதை மாக்ஸ் தருக்கமுறையில் விளக்கினார். இங்கே அது கண்கூடாக நிகழ்ந்தது.

பழங்குடியினர் முன்பு பீவரைப் பிடித்தது குளிர்காலத்தில் அதன் வீட்டை உடைத்தும், மரத்தாலான பொறிகளைக் கொண்டுமாகும். பாரம் விழுந்து கொல்லும் அம்மரப்பொறி சங்க இலக்கியம் கற்றோர் அறிந்த 'அடார்' போன்றது. பின்னர் உருக்குப் பொறியும் பீவர்மணமும் இணைந்தன. பீவர் தன் எல்லையில் மண்மேடு குவித்து, வாலடிப் பைகளிலிருந்து ஒருவகை நெடியுள்ள பொருளைக் கழித்துக் குறியிடும். அப்பொருளை ஒரு குச்சியில் தடவி நீர்க்கரையில் நட்டால், அயலான் ஒருவன் தன் நிலத்துட் புகுந்தான் என்று பீவர் விரைந்து வரும்; குச்சியின் கீழே, நீருள், பொறி காத்திருக்கும். 1806 ஜனவரி 7ஆம் நாள், பசிபிக் கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த மெரிவெதர் லூயிஸ் இவ்விரையின் செய்முறையைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பீவர்மணத்துடன் சாதிக்காய், கராம்பு, கறுவா ஆகியன பொடிசெய்து சேர்க்கப்பட்டன. அவருடைய குழுவின் தலைசிறந்த வேட்டைக்காரரான ஜோர்ஜ் துரூயார், ஷோனி இனத்துத் தாய்க்கும் பிரெஞ்சுக் கனடியத் தந்தைக்கும் பிறந்தவர். அந்நாளில் உலகச் சந்தையில் உயர்ந்ததென மதிக்கப்பட்ட கறுவா நமது தீவினது என்பதும், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1796இல், இத்தீவின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியிருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கன.

இந்த இணைப்பின் விளைவை டேவிட் தொம்சன் விவரித்துள்ளார். இவர் ஹட்சன் குடாக் கொம்பனியில் பணியாற்றி, 1797இல் வடமேற்குக் கொம்பனிக்கு மாறிய நில அளவையாளர். முதுமையில் எழுதிய நூல் 1916இலேயே அச்சேறியது. தம் சொந்த நிலங்களிற் பீவரை அழித்துவிட்ட கிழக்குத் திசைப் பழங்குடியினர் உருக்குப் பொறியோடும் பீவர்மணத்தோடும் மேற்கு நோக்கி வந்ததை அவர் கூறுகின்றார். சில ஆண்டுகள் அங்கே செல்வம் கொழித்தது. ஆண் பெண் பிள்ளைகள் யாவரும் வெள்ளி அணிகள் பூண்டனர். பின்னர் பீவர் அருகிற்று, வறுமை சூழ்ந்தது. வெள்ளி அணிகளும் மறைந்தன.

இதனைப் பேராசையின் விளைவென்று கூறுவது எளிது. உண்மையில், கேத்திலையும் துவக்கையும் முற்பணமாகப் பெற்றுக் கடனிற் கட்டுண்டவன், தன் பக்கத்து நீரோடையை இன்னொருவன் வெறுமையாக்கு முன்னர் தானே வெறுமையாக்க வேண்டியவனாகின்றான். கொம்பனிகளும் தம் நலன் கருதியே காத்தன, அழித்தன. 1821இல் வடமேற்குக் கொம்பனியைத் தன்னுள் இணைத்துக்கொண்ட ஹட்சன் குடாக் கொம்பனி, தனக்கு ஏகபோகம் உள்ள இடங்களிற் பிடிப்புக்கு வரம்பிட முனைந்தது. அமெரிக்கர் நெருங்கி வந்த சினேக் ஆற்றுப் பிரதேசத்திலோ போட்டியாளரைத் தடுக்கப் பீவரே இல்லாத பாலையொன்றை உண்டாக்குமாறு தன் ஆட்களை ஏவிற்று.

எலனோர் லீகொக் 1954இல் வெளியிட்ட ஆய்வு இங்கு மிகவும் முக்கியமானது. லாப்ரடோர் பகுதி மொன்டனேய் மக்களிடையே குடும்பவாரியான வேட்டை நிலங்கள் தொன்றுதொட்டே இருந்தன என்று பிராங்க் ஸ்பெக் கூறியிருந்தார். புராதனப் பொதுவுடைமை என்பது வெறுங்கற்பனை என்பதற்கு அது சான்றாகக் காட்டப்பட்டும் வந்தது. லீகொக் அதனை மறுத்தார். உரோம வாணிகம் வலுவாக வேரூன்றிய இடங்களிலேயே அவ்வுரிமை வலுத்திருந்தது. பசித்தவன் பிறர் நிலத்தில் பீவரைக் கொன்று உண்ணலாம், ஆயின் அதன் தோலை விற்க அவனுக்கு உரிமையில்லை என்பதே அவர் கண்ட வழக்கம். ஒரே விலங்கின் ஊன் பயன் பெறுமானமாகவும், தோல் பரிவர்த்தனைப் பெறுமானமாகவும் பிரிந்து நின்றதை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டுவது அரிது. நிலக்காவல் பற்றிக் கிரீ மக்களிடம் உள்ள கருத்துக்கள் வாணிகத்தால் மட்டும் விளைந்தனவல்ல எனப் பின்வந்தோர் வாதிட்டுள்ளனர். அவ்வாதத்திலும் நியாயமுண்டு, எனினும் தோலுக்கும் ஊனுக்கும் இடையிலான அவ்வேறுபாட்டை அது போக்கிவிடவில்லை.

உறவுகளை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. ஜேம்ஸ் குடாவின் கீழ்க்கரையில் உள்ள ரூப்பெட் ஹவுஸ் பகுதியில் 1930களின் தொடக்கத்தில் பீவர் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. வெளியார் வேட்டை விலக்கப்பட்டு, சில ஆண்டுகள் பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு நிலப்பரப்பிலும் பீவர் வீடுகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு கிரீ வேட்டைக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டது. பீவர் மீண்டு பெருகிற்று.

உருக்குப் பொறியைப் பேரளவில் உற்பத்தி செய்தோர் யாவர் என்பதும் சுவையானது. நியூயோக் மாநிலத்தில் 1848இல் அமைந்த ஒனைடா சமூகம் தனிச்சொத்தை ஒழித்துப் பொதுவுடைமையாக வாழ முயன்ற ஒரு மதக் குழு. அதன் வருவாயின் முதுகெலும்பாயிருந்தது சுவெல் நியூஹவுஸ் என்னும் உறுப்பினர் வடிவமைத்த பொறி. 1865இல் அவர் பெயரில் வெளிவந்த பொறிவேட்டை வழிகாட்டி இரைமுறைகளையும் கற்பித்தது. வேலிக்குள் சமத்துவம், வேலிக்கு வெளியே உரோமச் சந்தை. அப்பொறிக்கான கிராக்கி வளர, அச்சமூகமே கூலியாட்களை அமர்த்தியது. 1881இல் கூட்டுப்பங்குக் கொம்பனியாக மாறிற்று.

பட்டுத்தொப்பி நாகரிகமாக, 1830களிலிருந்து பீவரின் விலை வீழ்ந்தது. மணப்பொருளின் அறிவோ அழியவில்லை. மேய்ச்சல் நிலங்களில் ஆட்டு மந்தைகள் பரவியபோது கொயோட்டி அதன் இலக்காயிற்று. 1915இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் ஊனுண்ணி ஒழிப்புக்குப் பணம் ஒதுக்கிற்று. 1931இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. மந்தை உடைமையாளரின் செலவை அரசு ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். பொறியைவிட நஞ்சு மலிவாயிருந்தது. 1972இல் கூட்டாட்சி நிலங்களில் அத்தகைய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டன. ஆயினும் எம்-44 எனப்படும் கருவி, சயனைட்டுக் குறித்த தடை 1975இல் தளர்த்தப்பட்டபின், மீண்டும் கையாளப்பட்டது. நிலத்தில் நாட்டப்பட்ட இக்குழலின் தலையில் மணப்பொருள் பூசப்பட்டிருக்கும். விலங்கு கடித்து இழுத்தவுடன் சோடியம் சயனைட்டு வாயினுட் பாயும். காற்றையும் தடத்தையும் வாசிக்கும் உழைப்பாளி அங்கு வேண்டப்படவில்லை. மணம் மட்டும் எஞ்சிற்று. 2017இல் இடாகோவில் ஒரு சிறுவன் அறியாது தொட்டதில் அவனுடைய நாய் மாண்டது. இத்தனைக்கும் கொயோட்டி குறையவில்லை. ஓநாய் அழிக்கப்பட்ட வெற்றிடத்திற் புகுந்து கிழக்குக் கரைவரையும், தெற்கே பனாமாவரையும் பரவியுள்ளது.

ஒருபுறம் ஒழிக்கப்பட வேண்டிய பீடையாயிருந்த அதே விலங்கு மறுபுறம் நாகரிகப் பண்டமாயிற்று. குளிர்ச்சட்டைத் தலைமூடியின் ஓரத்துக்கு அதன் உரோமம் விரும்பப்பட்டது. கனடா கூஸ் என்னும் பெருநிறுவனம் 2022இன் இறுதியுடன் உரோமப் பயன்பாட்டை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. தலைநகர்களின் முற்போக்காளர் இதனை வரவேற்றனர், நானும் வருந்தவில்லை. ஆனால், முன்னொருமுறை தொப்பியின் நாகரிகம் மாறியபோது போன்றே இப்போதும், தோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தவன் அத்தீர்மானத்தில் எவ்விடத்தும் இருக்கவில்லை.

மணப்பொருளுக்கு ஆய்வுத்துறையிலும் ஒரு பயன் உண்டு. நஞ்சு தடைசெய்யப்பட்ட 1970களில், மேற்கு மாநிலங்களில் கொயோட்டிகளின் தொகையை மதிப்பிடுவதற்கு மண அவதான நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஏறக்குறைய ஒரு மீற்றர் விட்டமுள்ள வட்டத்திற் சலித்த மண் பரப்பி நடுவே மணப்பொருள் வைக்கப்படும். மறுநாட் காலை அம்மண்ணிற் பதிந்த அடிச்சுவடுகள் எண்ணப்படும். இரையின்றி, பொறியின்றி, பழைய வேட்டைக்காரனின் அறிவு அங்கே தொழிற்படுகின்றது. அவ்வெண்ணிக்கையைக் கோரியது ஒழிப்புத் திட்டத்தை நடத்திய அதே அரசு.