கணக்கெடுக்க வருபவரிடம் மாடு கறப்பதையும் சொல்லுங்கள்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பயிர்ப் பயிற்சிக்காகச் செல்லும்போது, விவசாயிகள் பயிரைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "ஐயா, கையடக்கக் கணினியோடு ஒருவர் வந்தார். வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறீர்கள், போன வாரம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை, என்ன வருமானம் என்று துருவித் துருவிக் கேட்டார். உள்ளதைச் சொன்னால் சிவப்பு அட்டையை மஞ்சள் அட்டையாக மாற்றிவிடுவார்களோ?" என்று கேட்பவர்களும் உண்டு.

அப்படி ஒன்றும் ஆகாது. வந்தவர் ரேஷன் அட்டைக்கு வந்தவர் அல்ல, வரி போட வந்தவரும் அல்ல. அவர் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் சார்பில் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்காக வந்தவர். ஒரு குடும்பம் சொல்லும் விவரத்தைப் பெயரோடு வெளியிடுவதற்கு 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே கேட்பதற்கு உள்ளபடி விடை சொல்லலாம். ஆனால் அச்சம் இல்லாத வீடுகளிலும் விடை தவறாகப் போய்விடுவதுண்டு. என்ன கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பது தெரியாததே அதற்குக் காரணம். அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் மாதிரிக் கணக்கெடுப்பு முறை 1950இல் பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் தொடங்கியது. வேலைவாய்ப்பை எப்படி அளப்பது என்று ஆராய்ந்த தாந்த்வாலா குழு 1970இல் அறிக்கை தந்தது. மேல்நாட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளியை அளக்கும் கோலால் நம் ஊர் விவசாயியை அளக்க முடியாது என்பது அப்போது தெளிவாயிற்று. அதன்பின் 1972-73 முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பெரிய கணக்கெடுப்பு நடந்து வந்தது. 2017 ஏப்ரல் முதல் அது ஆண்டு முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பாயிற்று. 2025 ஜனவரியில் மேலும் விரிவாக்கப்பட்டது.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம், இரண்டு கறவை மாடுகள். கணவன், மனைவி, வயதான தாய், சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்கும் மகன். கணக்கெடுப்பவர் வந்த வாரத்திற்கு முந்திய ஏழு நாட்களில் சம்பா நடவு முடிந்துவிட்டது. கணவர் நான்கு நாட்கள் வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்த்தார். நாளுக்கு இரண்டு மணி நேரம். மற்ற மூன்று நாட்கள் புதுச்சேரியில் கட்டட வேலைக்குப் போனார். நாளுக்கு எட்டு மணி நேரம்.

இவர் யார், விவசாயியா, கூலியாளா? கணக்கெடுப்பில் இரண்டும்தான்! கடந்த 365 நாட்களில் பெரும்பாலான வேலை நேரம் சொந்தப் பயிரில் சென்றிருந்தால், ஆண்டுக் கணக்கில் அவர் சுயதொழில் விவசாயி. கடந்த ஏழு நாட்களில் கட்டட வேலை 24 மணி, வயல் வேலை 8 மணி என்பதால் வாரக் கணக்கில் அவர் தினக்கூலித் தொழிலாளி. வாரத்தில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அந்த வாரத்திற்கு அவர் வேலையில் இருப்பவராகக் கொள்ளப்படுவார். "ஒரு மணி நேரம் ஒரு வேலையா?" என்று விவசாயிகள் சிரிப்பது எனக்குத் தெரியும். நியாயமான சிரிப்புதான். அதற்காகவே ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் என்று தனியாகவும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு 'நாள் பூராவும் வேலைதான்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

வேலை இல்லாத வாரமானால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் நாட்டுப்புற வேலையின்மை 4.5 சதவீதமாக இருந்தது. மே மாதத்தில் 5.1 சதவீதம் ஆயிற்று. அறுவடை முடிந்து வயலில் வேலை குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். பருவத்திற்குப் பருவம் நம் கை ஓய்வதும் ஓடுவதும் இப்போது மாதந்தோறும் கணக்கில் தெரிகிறது.

அடுத்து மனைவி. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் பிழை நேர்கிறது. வழக்கமாக வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் விடை சொல்கிறார். பெரும்பாலும் அவர் ஆண். "வீட்டம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். அந்த அம்மாளோ விடியற்காலையில் எழுந்து கொட்டில் கூட்டி, பால் கறந்து, பாண்லேவுக்குப் பால் எடுக்கும் சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்துதான் அடுப்பு மூட்டியிருப்பார்.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன்தான். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு கிராமத்தில் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரித்தேன். பெண்களின் தொழில் என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் 'வீட்டு வேலை' என்று எழுதி வந்தேன். தாள்களைப் புரட்டிப் பார்த்த என் பேராசிரியர், "இந்த ஊரில் மாடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர். பால் கறப்பது யார்?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே திரும்பவும் அதே வீடுகளுக்குப் போனேன்.

எது வேலை, எது வேலை இல்லை என்பதற்கு இந்தக் கணக்கெடுப்பில் வரையறை உண்டு. விற்பனைக்காகச் செய்யும் எல்லா உற்பத்தியும் வேலை. வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் நெல் விளைவித்தாலும் அது வேலை. வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் வேலை. சொந்தமாக மாட்டுக் கொட்டில் கட்டிக்கொள்வதும் வேலையே. ஆனால் விளைந்த நெல்லை வீட்டுக்காக அவித்துக் காயவைப்பது வேலையாகக் கொள்ளப்படுவதில்லை. சமையல், பிள்ளை வளர்ப்பு, சுள்ளி பொறுக்குவது ஆகியவையும் அப்படியே. நம் குடும்பத்தின் பாட்டி நாள் முழுவதும் ஓயாமல் இதையெல்லாம் செய்தாலும், கணக்கில் தொழிலாளர் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பார். இது சரியா என்று கேட்டால், சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் விதி இதுதான்.

மாடு கறக்கும் மனைவி அந்தப் பட்டியலுக்கு உள்ளே வருகிறார். காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் என்றாலும் வாரத்திற்கு 14 மணி நேரம் ஆயிற்று. ஆண்டில் பெரும்பகுதி நேரம் வீட்டு வேலையே என்றாலும், 30 நாட்களுக்குக் குறையாமல் செய்த துணைத் தொழிலும் கணக்கில் சேரும். மாட்டுத் தொழிலைத் தாமே நடத்துபவராயின் அவர் சுயதொழில் செய்பவர். வருமானம் அவர் பெயரில் எழுதப்படும். கணவர் நடத்தும் தொழிலில் கூலியின்றி உதவுபவர் என்று சொன்னால், வேலையில் இருப்பவராக எண்ணப்படுவார். ஆனால் வருமானக் கட்டம் காலியாகவே இருக்கும். எது உண்மையோ அதைச் சொல்ல வேண்டும்.

நாடு முழுவதும் நாட்டுப்புறத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் அணியில் இருப்போர் 2017-18இல் 24.6 சதவீதம்; 2023-24இல் 47.6 சதவீதம். ஆறே ஆண்டில் இவ்வளவு பெண்கள் புதிதாக வயலுக்கு வந்துவிட்டார்களா, அல்லது முன்பே செய்துவந்த வேலை இப்போது துருவிக் கேட்பதால் வெளியே வருகிறதா என்று அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. இரண்டும் கலந்தது என்பது என் கருத்து. வேலையில் உள்ள நாட்டுப்புறப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் கூலியின்றிக் குடும்பத் தொழிலில் உதவுபவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வருமானத்தைக் கேட்கும் முறை ஆளுக்கு ஆள் மாறும். மகனிடம் போன மாதச் சம்பளம் கேட்பார்கள். தினக்கூலிக்குப் போனவரிடம் ஏழு நாட்களில் ஒவ்வொரு நாளும் என்ன கூலி என்று கேட்பார்கள். கூலியாக நெல் வாங்கியிருந்தால் அதற்கும் விலை போட்டுச் சேர்ப்பார்கள். சுயதொழில் விவசாயியிடம் கடந்த 30 நாட்களின் வருமானம் கேட்பார்கள். நவரை நெல்லை விற்ற மாதத்தில் கேட்டால் பெரிய தொகை. நடவு மாதத்தில் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. கணக்கெடுப்பை ஆண்டின் எல்லா மாதங்களுக்கும் பரப்பி நடத்துவதால் நாட்டளவில் இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவு சமனாகிறது. ஆகையால் நடவு மாதத்தில் வந்து கேட்டால், போன அறுவடையின் பணத்தை நினைத்துச் சொல்ல வேண்டாம். விற்ற தொகை எவ்வளவு, விதை, உரம், கூலி, டிராக்டர் வாடகை எவ்வளவு என்று தனித்தனியே சொன்னால் பிழை வராது.

விவசாயக் குடும்பத்தின் முழு வருமானத்தை அறிய வேறொரு கணக்கெடுப்பும் உண்டு. அது 2003, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. கடைசியாக நடந்ததன்படி 2018-19இல் இந்திய விவசாயக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் ரூ.10,218. இதில் பயிரில் வந்தது ரூ.3,798, கால்நடையில் ரூ.1,582; கூலி, சம்பளத்தில் ரூ.4,063. விவசாயி வீட்டிலேயே பயிரைவிடக் கூலி அதிகம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் எண்ணாக எழுதிக் காட்டிய பிறகுதான் அதை வைத்து வாதாட முடிகிறது.

2025 முதல் இரண்டு ஆண்டுக்கு, ஒவ்வோர் ஆண்டிலும் நாடெங்கும் 12,504 கிராமங்களும் 10,188 நகரப் பகுதிகளும் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் 12 குடும்பங்கள். மொத்தம் 2,72,304 குடும்பங்கள். மாவட்டத்தை அடிப்படையாக வைத்துப் பிரிப்பதால், வில்லியனூருக்கு இவ்வளவு, பாகூருக்கு இவ்வளவு என்ற தனிக் கணக்கை இதில் எதிர்பார்க்க முடியாது. தேர்வாகும் ஒரு சில ஊர்களின் விடைகளே மற்ற ஊர்களுக்காகவும் பேசுகின்றன.

முன்பு நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தை ஒரு முறைதான் பார்த்தார்கள். இப்போது அடுத்தடுத்து நான்கு மாதங்கள் அதே குடும்பத்திற்கு வருவார்கள். "போன மாதம்தானே சொன்னோம்" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மாற்றத்தைப் பார்க்கத்தான் திரும்ப வருகிறார்கள். வருபவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். வங்கிக் கடவுச்சொல்லோ, கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணோ இந்தக் கணக்கெடுப்பில் கேட்பதில்லை. கேட்பவர் கணக்கெடுப்பவர் அல்ல. சங்கத்தின் பால் அட்டை, நெல் விற்ற ரசீது, கூலி எழுதிய நோட்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர் வேலையை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.