ஈய நஞ்சும் கீலேஷன் சிகிச்சையும்

ஆரணியாற்றங்கரையில் உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலித்து முடித்த வேளையில், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். தறியை விட்டுக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய பேட்டரிகளை உருக்கும் வேலைக்குச் சென்ற அவருடைய மகனுக்கு ஓயாத வயிற்றுவலி, கையிலும் வலுவில்லை. “நரம்பில் மருந்து ஏற்றி இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால் மறுபடி அதே வேலைக்குப் போகலாமாம். சங்கத்தில் கடன் கிடைக்குமா, ஐயா?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடை பிறருக்கும் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகிறேன்.

ஈயம் புகையாகவும் தூசியாகவும் மூச்சின் வழியே சேருகிறது; கழுவாத கையால் உண்பதாலும் சேருகிறது. இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் படிந்ததோ பல ஆண்டுகள் தங்கும். பேரேட்டு முறையில் கூறின், இரத்தத்தில் காண்பது கைரொக்கம். எலும்பில் உள்ளது நீண்டகால வைப்பு.

நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ‘கீலேஷன்’ என்னும் பெயர். மருந்து ஈயத்தைக் கவ்விச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. வலிப்பு காணும் அளவுக்கு நஞ்சு முற்றியவர்க்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயமுள்ள சிறுவர்க்கும், 100 மைக்ரோகிராமுக்கு மேலுள்ள பெரியவர்க்கும் இதனை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது.

ஆயினும் கெடுதல்களும் உண்டு. உடலுக்கு வேண்டிய துத்தநாகம், செம்பு ஆகியவற்றையும் இம்மருந்துகள் சில வேளை இழுத்துச் செல்லும். சிலவற்றால் சிறுநீரகமும் பழுதுறும். கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. மருந்து வேறு, சோடியம் மட்டும் சேர்ந்தது வேறு. பின்னது இரத்தத்தின் கால்சியத்தைக் குறைத்து இதயத்தை நிறுத்தவல்லது. 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் மூவர் இவ்வகையில் மாண்டனர். அவர்களுள் இருவர் சிறுவர். மேலும், அந்நாட்டில் 780 சிறுவரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தால் இரத்த ஈயம் குறைந்ததே தவிர அறிவுத்திறன் உயரவில்லை.

சிகிச்சை முடிந்தபின் எலும்பின் ஈயம் மீண்டும் இரத்தத்தில் கலக்கும். அதே புகையில் மறுபடி நிற்பவனுக்கு மருந்தேற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

ஆகவே முதலில் இரத்தத்தில் ஈய அளவைச் சோதிக்க வேண்டும். அது 5 மைக்ரோகிராமை எட்டினாலே, ஈயம் வரும் வழியைக் கண்டு தடுக்க வேண்டும். மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் அம்மருத்துவமனையை நாடலாம். வேலை உடையுடன் வீடு திரும்பலாகாது. அத்தூசி குழந்தைகளைச் சேரும். கேழ்வரகு, கீரை, பால் முதலியவை உணவில் இருப்பின் ஈயம் உடலில் ஏறுவது ஓரளவு குறையும்.

“மருந்துக்குக் கடன் வாங்குமுன் மகனை அவ்வேலையிலிருந்து விலக்குங்கள்” என்றேன். அப்பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதை நானும் அறிவேன். விலகி வருபவனுக்கு நூலும் தறியும் கூலியும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது சங்கத்தால் இயலும். அடுத்த மகாசபையில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.