திரும்பிவர ஓர் இருக்கை

பூமியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் மனிதர்கள் இடைவிடாது வாழ்ந்துவருகின்றனர். அவர்களை ஏற்றிச்சென்ற கலம் அங்கே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதில்லை. அவர்கள் தங்கியிருக்கும் மாதங்கள் முழுவதும் நிலையத்துடன் பிணைந்தே நிற்கிறது. தீயோ நச்சுவாயுக் கசிவோ காற்றழுத்தக் குறைவோ நேர்ந்தால் உடனே ஏறித் தப்புவதற்கான உயிர்காப்புப் படகு அதுவே என்பதால், நிலையத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நல்ல நிலையிலுள்ள கலமொன்றில் ஓர் இருக்கை எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

1967இல் முதன்முதலாக மனிதரைச் சுமந்து சென்ற ரஷ்யாவின் சோயுஸ் கலம் இந்தப் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. கஜகஸ்தானில் உள்ள பைகோனூர் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டு ஒன்பது நிமிடங்களுக்குள் சுற்றுப்பாதையை அடைந்துவிடும் இக்கலம், முன்பு இரண்டு நாள்கள் எடுத்துக்கொண்ட பயணத்தை இப்போது மூன்று மணி நேர அளவிலேயே முடித்து நிலையத்தைச் சேரக்கூடியது. எனினும் அதன் அமைப்பு முழுவதிலும் மேலோங்கி நிற்பது திரும்பிவருதலைப் பற்றிய கவலையே ஆகும். முன்னே சுற்றுப்பாதைக் கூடம், நடுவே வீரர்கள் அமரும் இறங்கு கலம், பின்னே எந்திரங்களும் சூரியத் தகடுகளும் கொண்ட கருவிக் கூடம் என்று மூன்று பகுதிகளாக அமைந்த சோயுஸில், வெப்பக் கவசம் பூண்டு தரையைத் தொடுவது நடுப்பகுதி மட்டுமே. அந்தப் பகுதியின் திசையைத் திருத்தும் சிற்றெந்திரங்களுக்கு எரிபொருளான ஹைட்ரஜன் பெராக்சைடு நாளடைவில் தானாகவே சிதைந்து வலுவிழப்பதால், ஒரு கலம் ஏறத்தாழ 200 நாள்களுக்கு மேல் விண்ணில் நிற்க நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. வீரர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மாறிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலையத்திலிருந்து பிரிந்த மூன்றரை மணி நேர அளவில் தரையிறக்கம் முடிந்துவிடுகிறது. முதன்மை எந்திரம் ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக எரிந்து கலத்தின் வேகத்தை நொடிக்கு 130 மீட்டர் அளவு குறைக்கிறது. நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கலத்துக்கு இது மிகச் சிறிய தடையே ஆயினும், பாதையைத் தாழ்த்திக் காற்றுமண்டலத்துக்குள் இறக்க அதுவே போதும். மூன்று பகுதிகளும் பிரிந்தபின் காற்றின் உராய்வும் அழுத்தமும் எஞ்சிய வேகத்தைக் கரைக்க, வீரர்கள் தம் உடல் எடையைப் போல் நான்கைந்து மடங்கு பாரத்தை உணர்கின்றனர். ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட் விரிகிறது. தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் சிறு ராக்கெட்டுகள் கணநேரம் எரிந்து மோதலின் கடுமையைத் தணிக்கின்றன. ஒவ்வொரு வீரரின் உடலமைப்புக்கும் அச்செடுத்துச் செய்யப்பட்ட இருக்கைப் படுகை எஞ்சிய அதிர்வைத் தாங்குகிறது. எடையின்மையில் முதுகெலும்பு சில சென்டிமீட்டர் நீண்டுவிடும் என்பதை எண்ணி, அதற்கும் இடம்விட்டே அது வார்க்கப்படுகிறது.

இந்த ஒழுங்கு உயிர்களை விலையாகக் கொடுத்து உருவானது. 1971 ஜூனில், உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யுத் 1இல் தங்கிச் சோயுஸ் கலத்தில் திரும்பிய தோப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் ஆகிய மூவரும், பகுதிகள் பிரிந்தபோது காற்றுவால்வு ஒன்று திறந்துகொண்டதால் கலத்தின் காற்று வெளியேறி உயிரிழந்தனர். அழுத்தக் காப்புடை அணிந்த மூவருக்கு அந்தக் கலத்தில் இடமில்லாததால் அவர்கள் அதை அணிந்திருக்கவில்லை. அதன்பின் காப்புடை கட்டாயமானது. அதனால் இழந்த மூன்றாவது இருக்கை 1980இல்தான் மீண்டும் வந்தது.

உயிர்காப்புக் கலமே பழுதானால் என்ன ஆகும் என்பதை 2022 டிசம்பர் காட்டியது. செப்டம்பரில் செர்கேய் புரோகோப்யெவ், திமித்ரி பெத்தெலின், பிராங்க் ரூபியோ ஆகியோரை ஏற்றிச்சென்ற சோயுஸ் எம்எஸ்-22இன் கருவிக் கூடத்திலிருந்து குளிரூட்டும் நீர்மம் பீறிட்டு வெளியேறியது. நுண்விண்கல் ஒன்று தாக்கியதால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை விழுந்தது என்று ரஷ்ய வல்லுநர் முடிவுக்கு வந்தனர். குளிரூட்டல் இன்றி மூவர் அமர்ந்து இறங்கினால் அவர்களின் உடல்வெப்பமும் வியர்வையின் ஈரமும் சேர்ந்து கலத்தைத் தாங்கமுடியாததாக்கும் என்பதால், 2023 ஜனவரியில் ரூபியோவின் இருக்கைப் படுகை கழற்றப்பட்டு, நிலையத்துடன் பிணைந்து நின்ற அமெரிக்காவின் டிராகன் கலத்தில் கட்டப்பட்டது. இருவர் மட்டுமே எனில் பழுதான கலத்திலும் அவசரத்துக்கு இறங்கலாம் என்பது கணக்கு. பிப்ரவரியில் ஆளில்லாமல் அனுப்பப்பட்ட எம்எஸ்-23 வந்துசேர்ந்தபின் பழைய கலம் ஆளின்றித் திரும்பியது. ஆனால் புதிய கலத்தில் வரவேண்டிய மாற்றுக்குழு பூமியிலேயே நின்றுவிட்டதால், ஆறு மாதங்களுக்கெனச் சென்ற மூவரும் 371 நாள்களைக் கழித்து 2023 செப்டம்பர் 27 அன்றே தரையிறங்கினர்.

அடுத்த ஆண்டில் அமெரிக்க வீரர்களான சுனிதா வில்லியம்ஸும் பட்ச் வில்மோரும் நிலையத்துக்குச் சென்ற ஸ்டார்லைனர் கலத்தின் உந்துகருவிகள் ஐயத்துக்குரியனவானபோதும் இதே நெறியே முடிவைத் தீர்மானித்தது. அக்கலம் ஆளின்றிப் பூமிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்த டிராகன் கலம் நான்கு பேருக்குப் பதிலாக இருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, வில்லியம்ஸுக்கும் வில்மோருக்குமென இரண்டு இருக்கைகளைக் காலியாக வைத்துப் புறப்பட்டது. அது வந்துசேரும்வரை, ஏற்கெனவே நிலையத்தில் நின்ற மற்றொரு டிராகனின் சரக்கு வைக்கும் பகுதியில் அவ்விருவரும் படுத்துச் செல்லத் தற்காலிக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.